காரின் குளிர்சாதனம் குளிரவில்லையா? காரணம் அறிந்து செலவு செய்வோம்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு மிக அருகில் அமைந்த தீவு. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் நம்மை விட்டு அகல்வதில்லை. 1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தெங்காவில் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2023ஆம் ஆண்டு மே மாதம் அங் மோ கியோவிலும் அதே அளவு பதிவானதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய நாட்டில் குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. வெப்ப மண்டல நாடு ஒன்று வளர்ச்சி காணக் குளிர்சாதனம் பெருந்துணை புரிந்தது என்பதும், தாம் பிரதமரானதும் அரசாங்க அலுவலகங்களில் அதனைப் பொருத்தச் செய்ததாகவும் நம் முதற்பிரதமர் லீ குவான் இயூ பேட்டியில் கூறியிருப்பது பலரும் அறிந்ததே.

வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படும் அச்சாதனமே காரிலும் வேறு வடிவில் இயங்குகிறது. அது திடீரெனக் குளிர்தர மறுக்கும்பொழுது, நம்மில் பலர் செய்வது ஒன்றே. பட்டறைக்குச் சென்று, "கேஸ் போட்டுவிடுங்கள்" என்கிறோம். அவ்வாறு சொல்வது சரியா? இக்கட்டுரையில் இதனை ஆராய்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்று, எழுபது வயது கடந்த எம் அன்னையாரை அழைத்துக்கொண்டு தேக்காவிற்குச் சென்றோம். விரைவுச்சாலையில் வந்தவரையில் காரினுள் நல்ல குளிர்ச்சி இருந்தது. சிராங்கூன் சாலையில் நுழைந்து நெரிசலில் நின்றதும் குளிர்காற்று வெதுவெதுப்பாயிற்று. சிறிது நேரத்தில் அனற்காற்றாகவே மாறியது. உச்சி வெயில். முன்னும் பின்னும் வாகனங்கள். அன்னையாருக்கு வியர்த்துக் கொட்டியது. தலை சுற்றுகிறது என்றார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கிடைத்த முதல் திருப்பத்தில் வண்டியை ஒதுக்கி, அவரை நிழலில் அமர்த்தி நீர் அருந்தச் செய்தோம். அதன் பின்னரே எங்களுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் பட்டறை ஒன்றில் கேஸ் குறைந்துவிட்டது என்று கூறி நிரப்பிக் கொடுத்தார்கள். இரவில், போக்குவரத்துக் குறைந்த சாலையில் வீடு திரும்பினோம், நன்றாகவே குளிர்ந்தது. ஒரு வாரத்தில் அடுத்த நெரிசல்; அதே அனற்காற்று. வேறொரு பட்டறை, மீண்டும் கேஸ். இம்முறை நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. மூன்றாவதாக, முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. "ஓடும்போது குளிருதா, நிற்கும்போது குளிருதா?" என்று கேட்டார். நாங்கள் நடந்ததைக் கூறி, இருமுறை கேஸ் நிரப்பியதையும் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக?" என்றார்.

பின்னர் எஞ்சினை இயக்கி, குளிர்சாதனத்தைப் போட்டு, காரின் முன்பகுதியை எங்களையே பார்க்கச் சொன்னார். சுழல வேண்டிய விசிறி சுழலாமல் நின்றது. விசிறியின் மோட்டார் பழுது. அதுவே முழு நோய். கேஸ் ஒருபொழுதும் குறைந்திருக்கவில்லை. இருமுறை கூடுதலாக நிரப்பியதால் குழாய்களில் அழுத்தம் மிகுந்து, கெடுதலே விளைந்திருந்தது.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை நாங்களே எங்களைக் கேட்டிருந்தால், இரண்டு முறை செலவழித்த பணம் மிஞ்சியிருக்கும். அன்னையாரும் மீண்டும் வெயிலில் வாடியிருக்க மாட்டார். இக்கட்டுரை எழுந்ததன் காரணம் அதுவே.

குளிர்ச்சி எவ்வாறு பிறக்கிறது?

கையில் சிறிது ஓடிகொலோனைத் தடவி ஊதிப் பாருங்கள், சில்லென்று இருக்கும். மண்பானையில் வைத்த நீர் குளிர்வதும் இவ்வாறே. திரவம் ஆவியாகும்பொழுது சுற்றிலுமுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே இதில் அடங்கிய விதி.

இரண்டாவது விதி, அழுத்தம் கூடினால் திரவத்தின் கொதிநிலை உயரும் என்பது. பிரஷர் குக்கரில் அரிசி விரைவில் வேகுவது இதனால்தான். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் தாழும்.

குளிர்சாதனத்தில் ஓடும் பொருளை நாம் பேச்சு வழக்கில் கேஸ் என்கிறோம். இன்று சாலையில் ஓடும் பல கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்னும் வகை. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது சுழியத்திற்குக் கீழ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இதனை அழுத்தித் திரவமாக்கி, பின் அழுத்தத்தைத் தளர்த்தி ஆவியாக்கினால், காரினுள்ளிருக்கும் வெப்பத்தை அது அள்ளிக்கொள்ளும். அள்ளிய வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஆகவே, குளிர்சாதனம் என்பது குளிரை உண்டாக்கும் பொறி அன்று. வெப்பத்தை உள்ளிருந்து வெளியே கடத்தும் பொறி. இந்த ஒரு கருத்து மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஐந்து உறுப்புகள்

முதலாவது கம்ப்ரசர். எஞ்சினின் பெல்ட்டால் சுழன்று, கேஸை அழுத்தித் தள்ளுவது இது. மனித உடலுக்கு இதயம் போன்றது.

இரண்டாவது கண்டென்சர். காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் மெல்லிய தகடுகளின் தொகுதி. சூடான கேஸ் இங்கு வந்து, வெளிக்காற்றில் வெப்பத்தைக் கொட்டித் திரவமாகிறது. கார் ஓடும்பொழுது எதிர்க்காற்றே இதற்குப் போதும். கார் நிற்கும்பொழுது விசிறிதான் காற்றை இழுத்துத் தர வேண்டும்.

மூன்றாவது டிரையர். இது ஈரத்தை உறிஞ்சும் சிறு குப்பி.

நான்காவது விரிவு வால்வு. மிகக் குறுகிய வாயில் இது. இதனைக் கடந்ததும் திரவத்தின் அழுத்தம் சட்டென்று தாழ்கிறது.

ஐந்தாவது எவாபரேட்டர். முன்புறப் பலகையின் உள்ளே மறைந்திருப்பது. இங்குதான் திரவம் ஆவியாகி வெப்பத்தை வாங்குகிறது. ஊதுவிசிறி இதன் மீது காற்றைச் செலுத்தி நம் முகத்திற்கு அனுப்புகிறது.

இயல்பாக இயங்கும்பொழுது, எவாபரேட்டரில் காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 3 மடங்கும், கண்டென்சரில் ஏறத்தாழ 15 மடங்கும் அழுத்தம் இருக்கும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடே குளிர்ச்சியைத் தருகிறது.

நோய் நாடும் முறை: மூன்று கேள்விகள்

மருத்துவர் மருந்து எழுதுமுன் நோயாளியைக் கேட்பது போல, நாமும் சில கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். அதற்கு முன், குளிர்சாதனப் பொத்தான் போடப்பட்டுள்ளதா, வெப்பநிலைக் குமிழ் குளிர்ப்பக்கம் உள்ளதா, உட்காற்றையே சுழலவிடும் பொத்தான் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பின், குமிழ் தானாகவே திரும்பியிருப்பதுண்டு!

முதற்கேள்வி: காற்று போதிய வேகத்துடன் வருகிறதா?

காற்றே குறைவாக வந்தால் கேஸைப் பற்றி நினைக்கத் தேவையில்லை. உட்புறக் காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். பெரும்பாலான கார்களில் கையுறைப் பெட்டியின் பின்னால் இருக்கும் இதனை நாமே கழற்றிப் பார்க்கலாம். ஊதுவிசிறி உச்ச வேகத்தில் மட்டும் இயங்கி, குறைந்த வேகங்களில் இயங்காவிடில், பெரும்பாலும் அதன் ரெசிஸ்டர் எனும் சிறு பாகமே பழுது. தொடக்கத்தில் நன்றாக வந்த காற்று நெடும்பயணத்தில் மெலிந்து, சற்று நேரம் அணைத்து வைத்தபின் மீண்டும் சீராக வந்தால், எவாபரேட்டரில் பனி உறைந்து வழியை அடைக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாம் கேள்வி: காற்று வருகிறது, ஆனால் சூடாக வருகிறது, கம்ப்ரசர் இயங்குகிறதா?

பழைய வகைக் கம்ப்ரசரின் முகப்பில் கிளட்ச் இருக்கும். குளிர்சாதனத்தைப் போட்டதும் 'டக்' என்னும் ஒலி கேட்கும். முகப்புத் தட்டு சுழலத் தொடங்கும். ஒலியே இல்லையெனில் பியூஸ், ரிலே, கிளட்ச், அழுத்த உணர்வி ஆகியவற்றில் ஒன்று பழுதாக இருக்கலாம். கேஸ் அடியோடு வெளியேறியிருப்பினும் உணர்வி கம்ப்ரசரை இயங்கவிடாது. அது பாதுகாப்பு ஏற்பாடு. சில விநாடிகளுக்கு ஒரு முறை 'டக், டக்' என்று ஓடியும் நின்றும் துடித்தால், கேஸ் குறைவு என்று ஐயுற இடமுண்டு. புதிய கார்கள் பலவற்றில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் உள்ளமையால் அங்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மூன்றாம் கேள்வி: எப்பொழுது குளிர்கிறது, எப்பொழுது குளிரவில்லை?

இதுவே முதன்மையான கேள்வி. ஓடும்பொழுது குளிர்ந்து, நெரிசலில் நின்றதும் சூடேறினால், கண்டென்சரின் விசிறியையோ, அதன் தகடுகளில் படிந்த அழுக்கையோ முதலில் பார்க்க வேண்டும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே. சில கார்களில் இந்த விசிறியே ரேடியேட்டரையும் குளிர்விக்கிறது. ஆகவே குளிர்ச்சி குறைவதோடு எஞ்சின் வெப்பமானியின் முள்ளும் ஏறினால் அதனைப் பேராபத்தின் முன்னறிவிப்பாகக் கருத வேண்டும். உடனே குளிர்சாதனத்தை அணைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓயவிடுதல் வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது.

காலையில் குளிர்ந்து நண்பகலில் குளிராவிடில், கண்டென்சர் வெப்பத்தை முழுமையாகக் கொட்ட இயலாமையோ, கேஸின் அளவு மிகுதியோ குறைவோ காரணமாகலாம். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக இருந்தால், காற்றைப் பிரித்துவிடும் உட்கதவின் சிறு மோட்டார் பழுதாகியிருக்கலாம். சில கார்களில் கேஸ் குறைவும் இதே அறிகுறியைக் காட்டும்.

கேஸ் குறைவது ஏன்?

முதிய மெக்கானிக் சொன்னது போல, கேஸ் எரிபொருள் அன்று. அது மூடிய குழாய்களில் சுற்றிச் சுற்றி வருவது, செலவாவதில்லை. வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கு நாம் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறோமா? இல்லையே! எனினும் காரில் ரப்பர்க் குழாய்களும், கம்ப்ரசரின் சுழல் அச்சில் அடைப்பு வளையமும் உள்ளன. எஞ்சினின் அதிர்வில் அவற்றின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்பு. ஆனால் ஆண்டிற்கு ஒரு முறை, இரு முறை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது உறுதி. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதால் என்ன பயன்?

கசிவு உள்ள இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குக் காணப்படும். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுவதுதான் காரணம். கேஸ் கசியும்பொழுது எண்ணெயும் குறைகிறது. எண்ணெய் குறைந்த கம்ப்ரசர் தேய்ந்து இறுகிவிடும். அதன் துகள்கள் குழாய்கள் எங்கும் பரவினால், ஒரு சிறிய அடைப்பு வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் மாற்றும் செலவாகப் பெருகும்.

கசிவைச் சரிசெய்து குழாய்களைத் திறந்து மூடியபின், வெற்றிடப் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகே கேஸை நிரப்ப வேண்டும். ஈரம் தங்கினால் விரிவு வால்வில் பனியாக உறையும். அமிலமாகி உலோகத்தை அரிக்கும். டிரையரை மாற்றுவதும் இதனாலேயே. நிரப்பும் அளவு காரின் முன்மூடியின் கீழ் ஒட்டப்பட்ட சீட்டில் கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கார்களில் இது பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் வரை. குத்துமதிப்பாக நிரப்பாமல் எடை போட்டு நிரப்புவதே முறை.

நாமே செய்யத்தக்கனவும் தகாதனவும்

வடிகட்டியைத் தூய்மை செய்தல் அல்லது மாற்றுதல், விசிறி சுழல்கிறதா என்று எட்ட நின்று பார்த்தல், கண்டென்சரின் தகடுகளில் சிக்கிய இலைகளை எஞ்சின் அணைந்திருக்கும்பொழுது மென்மையாக அகற்றுதல் ஆகியவற்றை நாமே செய்யலாம். வண்டியின் அடியில் நீர் சொட்டினால் அஞ்ச வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவது. நம் நாட்டில் நன்கு இயங்கும் குளிர்சாதனத்தின் நல்ல அடையாளம். அந்நீர் வெளியே சொட்டாமல் உள்ளே தரைவிரிப்பை நனைத்தால், வடிகுழாய் அடைபட்டுள்ளது. புளித்த வாடை வீசினால் எவாபரேட்டரில் பூஞ்சணம் படிந்திருக்கலாம். வீடு சேரச் சில நிமிடங்கள் இருக்கையில் குளிர்சாதனத்தை அணைத்து, ஊதுவிசிறியை மட்டும் ஓடவிட்டால் ஈரம் உலரும்.

கேஸ் குழாய்களைக் கழற்றுதல் கூடவே கூடாது. சீறிவரும் கேஸ் கண்ணிற் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடும். கலப்பின, மின்சாரக் கார்களில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குகிறது. ஆரஞ்சு நிற மின்கம்பிகளைத் தொடாதீர்கள். சுழலும் பெல்ட்டிற்கு அருகில் தளர்ந்த உடையோ துப்பட்டாவோ சேலைத் தலைப்போ செல்லக்கூடாது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

சின் மிங், காக்கி புக்கிட் முதலிய இடங்களில் கார்ப் பட்டறைகள் நிறைய உள்ளன. எங்குச் சென்றாலும், "கேஸ் போடுங்கள்" என்று நாமே மருந்தைச் சொல்லாமல், நோயின் அறிகுறியைச் சொல்வோம். எப்பொழுது தொடங்கியது, ஓடும்பொழுதா நிற்கும்பொழுதா, என்ன ஒலி என்பனவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்வது மிகவும் நன்று. பிறகு நான்கு கேள்விகளைப் பணிவுடன் கேட்போம். இருபக்க அழுத்தத்தையும் அளந்தீர்களா? கசிவு எங்கே? வெற்றிடம் செய்தீர்களா? எத்தனை கிராம் நிரப்பினீர்கள்? திறமையுள்ள மெக்கானிக் இக்கேள்விகளால் மனம் வருந்தமாட்டார், மகிழ்ந்து விடையளிப்பார்.

1990ஆம் ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கார் வைத்திருப்போர் அதனைப் பத்தாண்டுகளும், சான்றிதழைப் புதுப்பித்தால் மேலும் ஐந்து அல்லது பத்தாண்டுகளும் பேணிக் காப்பாற்ற வேண்டிய நிலையில் உள்ளனர். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் அன்பர்களுக்கோ ஒரு நாள் குளிர்சாதனம் நின்றால் ஒரு நாள் வருமானமே நின்றுவிடும். காரணம் அறிந்து செய்யும் செலவு இவர்களுக்கு எத்துணை முக்கியம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சுற்றுப்புறமும் சட்டமும்

முன்னாளில் கார்களில் ஆர்-12 என்னும் கேஸ் பயன்பட்டது. அது வான்மண்டலத்தின் ஓசோன் படலத்தைச் சிதைப்பது அறியப்பட்டு, 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாடு ஏற்பட்டது. சிங்கப்பூர் 1989இல் அதில் சேர்ந்தது. 1990களில் ஆர்-134ஏ அதன் இடத்தைப் பிடித்தது. இது ஓசோனைச் சிதைப்பதில்லை; ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்கிற்கும் மேல் வலிமை உடையது. எனவே ஆர்-1234ஒய்எஃப் என்னும் மற்றொரு வகை புதிய கார்களில் இடம்பெற்று வருகிறது. ஒரு வகைக்குரிய காரில் மற்றொன்றை நிரப்புதல் கூடாது. கசியும் வண்டியில் மீண்டும் மீண்டும் நிரப்புவது, நம் பணத்தை வீணாக்குவதோடு, நாம் வாழும் தீவின் வெப்பத்திற்கும் துணைபோவதாகும்.

வண்டியை நிறுத்திவிட்டுக் குளிர்சாதனத்திற்காக எஞ்சினை ஓடவிடுவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதிருப்போம். வெயிலில் நின்ற காரினுள் வெப்பம் 50 டிகிரியையும் தாண்டக்கூடும். ஏறியவுடன் கண்ணாடிகளை இறக்கி, அனற்காற்று வெளியேறும்படி சிறிது தூரம் ஓட்டி, பின் ஏற்றிக்கொண்டால் விரைவில் குளிரும். குழந்தைகளையும் முதியோரையும் நிறுத்திய காரில் ஒரு நிமிடமும் தனியே விட்டுச்செல்லலாகாது. பெருமழையில் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் மூடுபனியைப் போக்குவதும் குளிர்சாதனமே. ஆதலின் அதன் பழுதை நம் சுகத்தோடு மட்டுமன்றிப் பாதுகாப்போடும் சேர்த்து எண்ண வேண்டும்.

நினைவிற் கொள்வோம்

காற்று குறைவா, கம்ப்ரசர் நின்றதா, நிற்கும்பொழுது மட்டும் குறையா என்று பார்த்தபின் பட்டறைக்குச் செல்வோம். கேஸ் குறைந்தது என்றால் எங்கே கசிகிறது என்று கேட்போம். இவ்விரண்டையும் கடைப்பிடித்தால், நெரிசல் மிகுந்த சிராங்கூன் சாலையிலும் நம் வீட்டு முதியோர் இன்முகத்துடன் பயணம் செய்வர்.

பயிற்சிக் கேள்விகள்

1. குளிர்சாதனம் வெப்பத்தைக் கடத்தும் பொறி என்பதை விளக்குக.
2. விரைவுச்சாலையில் குளிர்ந்து, சாலைச் சந்திப்பில் சூடேறும் காரில் முதலில் எதனைச் சோதிப்பீர்கள்? ஏன்?
3. ஆண்டிற்கு இருமுறை கேஸ் நிரப்பும் அண்டை வீட்டாருக்கு நீங்கள் கூறும் அறிவுரை யாது?